யாருக்கு வக்கீல்?

"வக்கீல்" என்ற சொல்லை நம்மவர்கள் இரண்டு இடங்களில் கேட்கிறோம். ஒன்று கோர்ட்டு, மற்றொன்று நிக்காஹ் மஜ்லிஸ். அரபு மொழியிலிருந்து நமக்கு வந்த சொல் இது. ஒருவர் தம் காரியத்தை நம்பி மற்றொருவரிடம் ஒப்படைத்தால், அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவரே வக்கீல். மணப்பெண் சபைக்கு வருவதில்லை. அவளுடைய சம்மதத்தைக் கேட்டு வந்து சபையில் சொல்வதற்கு ஒருவர் வேண்டியிருக்கிறது. அவர் சொல்ல வேண்டியது அவளுடைய வார்த்தையை. தம்முடைய விருப்பத்தை அல்ல. அல்லாஹ்வின் திருநாமங்களிலும் "அல் வக்கீல்" என்பது ஒன்று. ஆகவே இதை வெறும் தொழிலின் பெயராக எண்ணிவிடக் கூடாது. இது ஓர் அமானத்தின் பெயர்.

நாற்பது வயதைக் கடந்த பிறகு இந்தச் சொல்லைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவள் என் தங்கை மகள். பல்கலைக் கழகத்துக்கு முந்திய பரீட்சையில் நன்றாகத் தேறியிருக்கிறாள். சட்டம் படிக்க அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று இங்கே சிங்கப்பூரில், மற்றொன்று இங்கிலாந்தில். பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை. சம்பளம் நிறுத்தி வைக்கப்பட்ட கட்டடத் தொழிலாளி, தலாக்குக்குப் பின் பிள்ளைகளின் செலவுக்கு அலையும் தாய், போலீஸ் வழக்கில் சிக்கிக் கொண்ட ஏழைப் பையன் ஆகியோருக்காக வழக்காட வேண்டும் என்பதே அவள் ஆசை. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு கடைக்கு வந்து, "மாமா, நான் எந்தக் கல்லூரிக்குப் போகட்டும்?" என்று கேட்டாள்.

"இங்கிலாந்துக்குப் போ" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பணத்தில் ஒரு பங்கை நான் தருவதாகவும் சொன்னேன். அன்றிரவு கடையைப் பூட்டிக் கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் என் மனம் என்னைக் கேட்டது: அவள் கேட்ட கேள்விக்கா நீ பதில் சொன்னாய்? அவள் கேட்டது ஏழைகளுக்கு உதவும் வழியை. நான் எண்ணியதோ "என் மருமகள் சீமையில் படிக்கிறாள்" என்று நாலு பேரிடம் சொல்லிக் கொள்ளும் பெருமையை. அவளுக்காகப் பேச வேண்டிய நான் எனக்காகப் பேசினேன். நிக்காஹ் மஜ்லிஸில் இப்படிச் செய்த வக்கீலை நாம் என்ன சொல்வோம்?

இது ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டுமன்று. பிள்ளைகள் படித்து முன்னேறி வரும் இக்காலத்தில் நம் சமூகம் முழுவதும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. ஆகவே சகோதர சகோதரிகளின் சிந்தனைக்குச் சில கருத்துக்களை வைக்கிறேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்படுவதற்கு முன்பு மக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை நாம் அனைவரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். யமன் நாட்டின் ஸபீத் என்னும் ஊரிலிருந்து ஒரு வியாபாரி சரக்குக் கொண்டு வந்தார். மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் சரக்கை வாங்கிக் கொண்டு பணம் கொடுக்கவில்லை. வந்தவருக்கு அங்கே குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. அவருக்காகப் பேச ஆளில்லை. அவர் கஃபாவின் அருகில் நின்று முறையிட்டார். அதன் பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவருடைய வீட்டில் சிலர் ஒன்று கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எந்த ஊராராயினும் அவருடைய உரிமையை மீட்டுக் கொடுப்போம் என்று உடன்படிக்கை செய்து கொண்டனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞராக அதில் கலந்து கொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அப்படி ஓர் அழைப்பு வந்தால் ஏற்றுக் கொள்வேன் என்ற கருத்தில் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள்.

வியாபாரியாகிய எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் நெருக்கமானது. அது ஒரு பாக்கி வழக்கு. சரக்குக்கு வராத பணம். அன்று யமன் வியாபாரி நின்ற இடத்தில் இன்று நம் ஊரில் நிற்பவர் யார்? தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து, சம்பளப் பாக்கிக்காகக் காகிதக் கட்டோடு அலையும் தொழிலாளி. இங்கே அவருக்குக் குலமுமில்லை, கோத்திரமுமில்லை.

ஹில்ஃபுல் ஃபுளூலில் கூடியவர்கள் எந்தச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்லர் என்று சிலர் சொல்லக் கூடும். உண்மைதான். ஆனால் இன்றைய உலகில் நல்ல மனம் மட்டும் போதாது. கோர்ட்டில் நின்று பேச அனுமதி வேண்டும். பேசத் தெரியவும் வேண்டும். ஆகவே கல்லூரி அவசியம். கேள்வி எந்தக் கல்லூரி என்பதே.

என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், சட்டக் கல்லூரி ஒரு மாணவருக்கு மூன்றைக் கொடுக்கிறது. முதலாவது, தொழில் செய்யும் தகுதி. இரண்டாவது, பழக்கம். மூன்றாவது, கடன். நம் பெற்றோர் முதலாவதைப் பற்றி மட்டும் விசாரிக்கிறார்கள். மற்ற இரண்டையும் பின்னால் தெரிந்து கொள்கிறார்கள்.

தகுதியை முதலில் பார்ப்போம். சிங்கப்பூரில் சட்டப் படிப்பு 1956ஆம் ஆண்டில், அப்போது இங்கிருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கி, 1961இல் முதல் பட்டதாரிகளைத் தந்தது. அதுவே இன்று தேசியப் பல்கலைக் கழகத்தின் சட்டத் துறை. 2007இல் நிர்வாகப் பல்கலைக் கழகத்தில் இரண்டாவது சட்டக் கல்லூரி ஏற்பட்டது. 2017இல் சமூக அறிவியல் பல்கலைக் கழகத்தில் மூன்றாவது தோன்றியது. இது குற்றவியல் வழக்குகளுக்கும் குடும்ப வழக்குகளுக்கும் வக்கீல்களைத் தயாரிப்பதையே முக்கிய நோக்கமாகக் கொண்டது. வெளிநாட்டில் படிப்பதானால், அந்தக் கல்லூரி அரசாங்கம் ஏற்றுக் கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். இங்கிலாந்து முதலிய பிரிட்டிஷ் பகுதிகளின் 19 பல்கலைக் கழகங்கள் அதில் இருந்தன. 2016 முதல் அவை 11ஆகக் குறைக்கப்பட்டன. அங்கே மூன்று ஆண்டு படித்துத் திரும்புகிறவர், இங்கே நான்கு ஆண்டு படித்தவருக்கு இல்லாத ஒரு பரீட்சையைக் கூடுதலாக எழுத வேண்டும். அதற்கு மேல் தொழிற்பயிற்சி உண்டு. ஆறு மாதமாக இருந்த அப்பயிற்சி 2024 முதல் ஓராண்டாக ஆக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, பழக்கம். யாருக்காகப் பேசப் போகிறோமோ அவருடைய முகத்தைப் படிக்கும் காலத்திலேயே பார்க்கிறோமா என்பதுதான் இதில் கேள்வி. நம் ஊரில் ஏழைகளுக்குச் சட்ட உதவி எப்படி நடக்கிறதென்று பாருங்கள். சிவில் வழக்குகளுக்குச் சட்ட உதவிக் கழகம் 1958 முதல் இருந்து வருகிறது. அதே ஆண்டில்தான் நம் ஷரீஅத் கோர்ட்டும் ஏற்பட்டது. குற்றவியல் வழக்குகளுக்கு வக்கீல்களின் சங்கம் 1985இல் ஓர் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 2022 டிசம்பரில் அரசாங்கமே, வசதி குறைந்த பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வாதாடும் அலுவலகம் ஒன்றை அமைத்தது. இவை மகிழ்ச்சிக்குரிய செய்திகள். ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளி அந்த அலுவலகத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவர் தொண்டர்களாக முன்வரும் வக்கீல்களையே நம்ப வேண்டியிருக்கிறது. சம்பளப் பாக்கி வழக்கிலோ, 2017இல் ஏற்பட்ட விசேஷ மன்றத்தில் எந்தத் தரப்புக்கும் வக்கீல் நின்று பேச முடியாது. அங்கே உதவி என்பது முன்கூட்டியே அந்த மனிதரின் அருகில் உட்கார்ந்து, அவருடைய மொழியில் கேட்டு, சம்பளச் சீட்டுக்களை வரிசைப்படுத்திக் கொடுப்பதுதான். இந்தப் பொறுமையைப் புத்தகம் கற்றுக் கொடுக்காது. கல்லூரியில் இலவசச் சட்ட ஆலோசனை நிலையம் உண்டா, மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையில் உண்மையான வழக்குகளைத் தொட முடியுமா, முஸ்லிம் குடும்பச் சட்டம் கற்பிக்கப்படுகிறதா என்று விசாரிக்க வேண்டும். எந்த ஊரில் பணி செய்யப் போகிறோமோ அந்த ஊரில் படிப்பவருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு.

மூன்றாவதாகிய கடனைப் பற்றித்தான் கடைக்காரனாகிய நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். உள்ளூரில், பிரஜைகளுக்கு அரசாங்க மானியம் போக, சட்டப் படிப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 13,000 வெள்ளி ஆகிறது. இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவருக்குப் படிப்புக் கட்டணமே பல இடங்களில் ஆண்டுக்கு 25,000 பவுனைத் தாண்டுகிறது. மூன்று ஆண்டுக்கு, சாப்பாடும் வாடகையும் சேர்க்காமலே, நம் வெள்ளியில் ஒரு லட்சத்துக்கு மேல். சாதாரணக் குடும்பம் இதற்குக் கடன்தான் வாங்க வேண்டும். வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்க. நான் சொல்வது பேரேட்டின் அனுபவம்.

சில்லறைக் கடைக்காரன் ஒருவன் ரொக்கத்துக்குச் சரக்கு எடுத்திருந்தால், ஏழை ஒருவர் வந்து "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்று அரிசி கேட்கும்போது தைரியமாக எடை போட்டுக் கொடுப்பான். அதே கடைக்காரன் மொத்த வியாபாரியிடம் கழுத்தளவு பாக்கி வைத்திருந்தால், அவனுக்கு எவ்வளவு இரக்கம் இருந்தாலும் கை நீளாது. கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவன். அவன் கையைப் பிடித்துக் கொண்டிருப்பது கடன்காரர். படித்து முடித்த வக்கீலின் நிலையும் இதுவே. ஏழை அவரிடம் வரும்போது அவருக்கு ஏற்கெனவே ஒரு கட்சிக்காரர் இருக்கிறார், அவர்தான் பாங்கி. மாதா மாதம் முதல் வழக்கு அவருடையது.

இந்த வாதத்தை மறு வாரம் என் தங்கை மகளிடம் சொன்னேன். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு இருந்தேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் பணக்காரருக்கு முதல்தர வக்கீல், ஏழைக்குச் செலவு குறைந்த வக்கீல் என்று ஆகிறதே, மாமா? எதிர்த் தரப்பில் கேம்பிரிட்ஜில் படித்தவர் நின்றால் நான் என்ன செய்வேன்?" என்றாள்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏழைக்குக் கொடுப்பது என்றால் அழுகிய பழத்தைக் கொடுப்பதல்ல. நல்லதிலிருந்தே செலவு செய்யும்படி நமக்குக் கட்டளை. எதிரெதிர்த் தரப்பினர் வழக்குக் கொண்டு வரும்போது, ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உடையவராக இருக்கக் கூடும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிக்க நேரும் என்று நாயகம் (ஸல்) அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். திறமையின்மையால் ஓர் ஏழையின் உரிமை பறிபோகலாம். அதற்கு நல்லெண்ணம் பரிகாரமாகாது.

ஆகவே சில பெரியவர்களின் வரலாற்றை விசாரித்தேன். அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹ்யூஸ்டன் என்ற கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தார். ஹார்வர்டில் சட்டம் படித்துத் தேறியவர். 1929இல் அவர் வாஷிங்டனில் கறுப்பின மக்களுக்கென இருந்த ஹவார்டு பல்கலைக் கழகச் சட்டக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். அது அப்போது இரவுப் பள்ளியாக நடந்து வந்தது. அதை அவர் முழு நேரக் கல்லூரியாக மாற்றி, பாடத்தை மிகவும் கடுமையாக்கினார். தம் இனத்தாரின் உரிமைக்குப் போராடும் வக்கீல்களை உருவாக்குவதே அவருடைய நோக்கம். அங்கே படித்தவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். அவருடைய சொந்த மாநிலமாகிய மேரிலாந்தின் சட்டக் கல்லூரி அந்நாளில் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை. பணம் போதாமையால் அவர் பால்டிமோரிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்து படித்தார். அவருடைய தாயார் தம் மோதிரங்களை அடகு வைத்துப் பணம் கட்டினார். 1933இல் அவர் முதல் மாணவராகத் தேறினார். இரண்டே ஆண்டுகளில், குருவும் சீடரும் சேர்ந்து வழக்காடி, கறுப்பின மாணவர் ஒருவரை அதே மேரிலாந்துக் கல்லூரியில் சேர்க்க உத்தரவு பெற்றனர். 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்ட விரோதம் என்ற தீர்ப்பைப் பெற்றவர்களின் தலைவர் மார்ஷல். 1967இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதியும் அவரே.

நம் பக்கத்தில் காலஞ்சென்ற பேராசிரியர் அஹ்மது இப்ராஹீம் அவர்களைப் பாருங்கள். 1916இல் சிங்கப்பூரில் பிறந்தவர். உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் படித்தவர். 1965இல் சுதந்திரச் சிங்கப்பூரின் முதல் அட்டர்னி ஜெனரல். 1966இல் இயற்றப்பட்ட நம் முஸ்லிம் நிர்வாகச் சட்டத்தை உருவாக்குவதில் அன்னாரின் பங்கு பெரிது. 1972இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக் கழகத்திலும், 1983இல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக் கழகத்திலும் சட்டத் துறையின் முதல் தலைவராக இருந்து மாணவர்களை உருவாக்கினார். 1999இல் இறையடி சேர்ந்தார். பின்னர்க் கூறிய சட்டக் கல்லூரி இன்று அன்னாரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆக, ஹார்வர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர்களும் மக்களுக்காக உழைத்தார்கள். அடகு வைத்த மோதிரத்தில் படித்தவரும் உழைத்தார். பெரிய பெயர் பாவமுமல்ல, புண்ணியமுமல்ல. இவர்களுக்குப் பொதுவானவை எவை? பாடம் கடுமையாக இருந்தது. கற்ற கல்வி யாருக்கென்று தெரிந்திருந்தது. அந்த மக்களிடம் திரும்பிச் செல்ல வழி அடைபடாமல் இருந்தது. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியவை இம்மூன்றே. நம் ஊர்க் கல்லூரிகளின் பாடம் இளப்பமானதன்று. எனவே என் தங்கை மகளின் கேள்விக்குப் பதில், "செலவு குறைந்ததைப் படி" என்பது அல்ல. "கடுமையாகப் படி, ஆனால் கையைக் கட்டிக் கொண்டு வெளியே வராதே" என்பதே.

"முதலில் பெரிய நிறுவனத்தில் சேர்ந்து சம்பாதிக்கட்டும், பிறகு ஏழைகளைக் கவனிக்கலாமே" என்று சொல்வாரும் உண்டு. ஹலாலாகச் சம்பாதிப்பதை யாரும் குறை கூற முடியாது. பெரிய நிறுவனங்களில் இருந்து கொண்டே இலவச வழக்குகளை ஏற்று நடத்தும் நல்லவர்கள் இருக்கிறார்கள். தொழிலின் நுட்பத்தை அங்கே கற்கவும் முடியும். ஆனால் நாம் ஜகாத்தை வருடா வருடம் கணக்கிட்டுக் கொடுக்கிறோம். "அறுபது வயதில் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் ஏற்றுக் கொள்வோமா? நிய்யத்துக்கும் வருடா வருடம் செலவு உண்டு. செலவழிக்காமல் பூட்டி வைத்த நிய்யத்து எத்தனை காலம் கெடாமல் இருக்கும் என்று அல்லாஹ்வே அறிவான்.

இவ்வளவையும் அந்தப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா என்பதுதான் நான் கடைசியாகக் கேட்க விரும்பும் கேள்வி. ஊரில் ஒருவர் மௌத்தானால் ஜனாஸாத் தொழுகை பர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் எல்லோருடைய கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஏழையின் உரிமைக்குப் பேச ஆள் இல்லாத ஊருக்கும் இதையே சொல்லலாம் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த ஆளை உருவாக்கும் செலவும் எல்லோருடையதே. நாமோ வக்கீல் ஆகிறவரைக் கைதட்டிப் பாராட்டுகிறோம்; பிறகு சம்பளம் எவ்வளவு, கார் உண்டா என்று விசாரிக்கிறோம்; கல்யாணப் பேச்சில் அதை வைத்தே தரம் பிரிக்கிறோம். அதன் பின், "நம் பிள்ளைகள் ஏன் ஏழைகளைக் கவனிப்பதில்லை?" என்று மேடையில் வருத்தப்படுகிறோம்.

வட்டி வாங்கிப் பழகிய அமெரிக்காவிலேயே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பொதுநலப் பணிக்குச் செல்லும் பட்டதாரிகளின் கடனைக் கல்லூரியே ஏற்றுக் கொள்ளும் திட்டத்தை ஹார்வர்டு சட்டக் கல்லூரி 1978இல் தொடங்கியது. 2007இல் அந்நாட்டு அரசாங்கமே, பொதுப் பணியில் இருந்து 120 மாதத் தவணை கட்டியவருக்கு எஞ்சிய அரசாங்கக் கல்விக் கடனைத் தள்ளிவிடச் சட்டம் செய்தது. "கர்ளே ஹஸனா" என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்கிறது. வட்டியில்லாக் கடன் கொடுத்து, ஏழைகளுக்காகப் பணி செய்யும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பகுதியைத் தள்ளிக் கொண்டே வரும் நிதியை நம் சங்கங்கள் ஏன் தொடங்கக் கூடாது? ஆண்டுக்கு ஒரு மாணவர் போதும். பத்து ஆண்டில் பத்துப் பேர்.

என் தங்கை மகள் உள்ளூர்க் கல்லூரியையே தேர்ந்தெடுத்துக் கொண்டாள். அவள் தாய்க்கு இன்னும் சிறிது மனக்குறைதான். இங்கிலாந்துக்கென்று நான் ஒப்புக் கொண்ட தொகையை அவளிடம் கொடுக்க முன்வந்து, "இது கடன். நீ ஏழைகளுக்குப் பணி செய்தால் வருடா வருடம் கழித்துக் கொள், வேறு வழியில் போனால் திருப்பிக் கொடு" என்றேன். சொன்ன பிறகு, நானும் இன்னொரு கடன்காரனாகி அவள் கையைப் பிடிக்கிறேனோ என்று கூச்சமாக இருந்தது. "நிபந்தனை வேண்டாம், விட்டுவிடு" என்றேன்.

அவள் விடவில்லை. "கடன் கொடுத்தால் எழுதிக் கொள்ளும்படி சூரத்துல் பகராவில் இருக்கிறது என்று சிறு வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே, மாமா? நிபந்தனை இருக்கட்டும். வழி தவறினால் எனக்கு அது ஞாபகப்படுத்தும்" என்று சொல்லி, என் கணக்குப் புத்தகத்திலேயே தன் கையால் எழுதினாள். சாட்சிக்குப் பக்கத்துக் கடைக்காரர் இருவர் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தைந்து வருடமாகப் பாக்கி வசூலித்து வருகிறேன். ஒரு காசுகூடத் திரும்பி வரக் கூடாதே என்று துஆச் செய்யும் கடன் என் பேரேட்டில் இது ஒன்றுதான்.

அல்லாஹ் அவளுடைய நிய்யத்தையும் நம்முடைய நிய்யத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.